ரெண்டு ரப்பர்

முதலில் காற்றுதான் வரும். வாசல் குழிக்குள் இருக்கிற குழாய் ஸ்ஸ்ஸென்று இழுத்து, நடுவில் விக்கி, மறுபடி இழுத்து, நெஞ்சில் சளி கட்டினவன் தூங்குகிற மாதிரி ஒரு சத்தம். கண்மேல் மடித்துப் போட்டிருந்த ஈரத்துண்டுக்குள் இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் கொஞ்ச நேரம் இதை மில்லின் ஏர் லைன் என்றே நினைத்துக் கிடந்தேன், எவனோ வால்வைச் சரியாக மூடாமல் போயிருக்கிறான், எழுந்துபோய் மூட வேண்டும், கால் எழமாட்டேன் என்கிறது. அப்புறம் அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது, சின்னது, சரக் சரக்கென்று, நின்று, துப்பி, மறுபடி சரக் சரக். என் பெண் மோகனா பல் விளக்குகிறாள். அப்படியானால் இது வீடு, இது பகல், ஷிப்ட் முடிந்து வந்து ஒன்பது மணிக்குப் படுத்தவன் நான், குழாயில் காற்று வருகிறது, காற்றுக்குப் பின்னால் தண்ணீர் வரும். எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது என் மனைவி வசந்தாமணி வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள், "காதைச் சாத்திட்டுத் தூங்கிராதீங்க, இன்னிக்கு விட்டா இன்னும் ஒம்பது நாளு." அவள் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள், ஓட்டை பார்த்துப் பார்த்து எதைச் சொன்னாலும் ஓட்டையிலிருந்துதான் ஆரம்பிப்பாள். ஆனால் நேற்று சாயங்காலம் இன்னொன்றும் சொன்னாள், அதை என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நாளைக்கு நாலு மணிக்கு பல்லாஸ்பத்திரி. நீங்களும் போயிட்டு வாங்க. நானென்னத்தைக் கண்டேன், படிச்சவங்க நீங்க ரெண்டு பேரும்." துண்டை எடுத்தேன். வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. சரக் சரக். கால் மணி நேரம் விளக்குவாள். கிளிப் போட்ட நாளிலிருந்து அப்படித்தான், ஒவ்வொரு பல்லிலும் ஒட்டின சின்னக் கட்டைக்கு மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம், கம்பிக்கு அடியில் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி குட்டியாக ஒன்றை விட்டு ஒரு தரம். விளக்காமல் விட்டால் கட்டையைச் சுற்றி வெள்ளையாகத் திட்டு விழுந்து, கம்பியை எடுத்த பிறகும் போகாதாம், கிளினிக் சுவரில் அப்படி ஒரு பல்வரிசையின் படம் இருக்கிறது, ஒவ்வொரு பல்லிலும் சட்டம் போட்ட மாதிரி வெள்ளை விளிம்பு. அந்தப் படத்துக்குப் பயந்தே இரண்டு வருஷமாக விளக்குகிறாள். பயப்பட வேண்டியது அந்தப் படத்துக்கு என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம்.

லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். எங்கள் லைன் வீடுகளில் குழாய்கள் எல்லாம் இடுப்பளவு குழிக்குள்தான் இருக்கும், தண்ணீருக்கு மேலே ஏற வலுவில்லை, அதனால் நாம் கீழே இறங்குகிறோம். வருஷா வருஷம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டைவிட அரையடி கூடத் தோண்டுவார். ஓஸை மாட்டி, சைக்கிள் ட்யூப் கிழித்த வாரால் இறுக்கிச் சுற்றினேன், மறுமுனையை மேலே நீல டிரம்முக்குள் போட்டேன். காற்று இன்னும் வந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தேன். குழிக்குள் உட்கார்ந்தால் வீதி கண் மட்டத்துக்கு வந்துவிடும், போகிறவர்களின் கால்கள், ஒரு நாயின் வயிறு. மூணுல ஒரு பங்கு. அவ்வளவுதான் சொன்னாள் அந்த டாக்டரம்மா, மூணுல ஒரு பங்கு கிட்டத்தட்ட. அந்த வார்த்தை ஒரு வாரமாக மெஷின் சத்தத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிறுத்தினால்கூட நிற்பதில்லை, சத்தம் நின்ற பிறகுதான் இன்னும் நன்றாகக் கேட்கிறது. போன வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுக் காட்டினாள். தாடை முழுவதையும் விரித்துப் போட்ட எக்ஸ்ரே, சாம்பல் நிறத்தில் காதிலிருந்து காதுவரை ஒரு சிரிப்பு. என் பெண் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. டாக்டரம்மா சின்னப் பெண், முப்பத்திரண்டு முப்பத்துமூன்று இருக்கும், பேனா மூடியால் மேல்வரிசை முன்பல் நாலையும் தொட்டுக் காட்டினாள். "இது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. இது இப்ப எடுத்தது. வேரோட நுனி பாருங்க, அப்ப கூராயிருந்துச்சு. இப்ப மொட்டையா இருக்கு." பார்த்தேன். பென்சிலைத் தப்பான பக்கத்திலிருந்து தேய்த்த மாதிரி இருந்தது. "எவ்வளவுங்க போயிருக்குது?" என்றேன். சொன்னாள். "திரும்ப வளருமுங்ளா?" "வளராது." உடனே சொல்லிவிட்டாள், சொன்ன பிறகு சீக்கிரம் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தாள்போல, குரலைத் தணித்தாள். "கொஞ்சம் கரையறது கிளிப் போடற எல்லாருக்குமே இருக்குங்க. ஆரம்பத்துல சொல்லிக் கையெழுத்து வாங்கினோமே. இவளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. சில பேருக்கு உடம்பு வாகு அப்படி." அப்புறம் மோகனா பக்கம் திரும்பி, பல்லை இழுக்க மாட்டுகிற குட்டி ரப்பரைப் பற்றி, சாதாரணமாகத்தான், நேரம் என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டாள். "ரப்பர் ஒவ்வொரு பக்கமும் ஒண்ணுதானேம்மா போட்டே?" மோகனா நாற்காலியில் சாய்ந்து படுத்திருந்தாள், தலைக்கு மேலே விளக்கு, "ஒண்ணுதாங்க டாக்டர்" என்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. நானும் அவள் பக்கம் பார்க்கவில்லை. வாஷ்பேசின் குழாயில் நிற்காமல் ஒரு துளி சொட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தேன், வாஷர் போயிருக்கிறது, அரை இஞ்ச் வாஷர் என்று நினைத்தேன், அந்த நேரத்தில் மனுஷனுக்கு அது தோன்றுகிறது. டாக்டரம்மா தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "நான் இன்னும் முன்னாடியே ஒரு படம் எடுத்துப் பாத்திருக்கணும்" என்றாள். அது இன்னும் மோசம். நான் செய்ததைத் தான் செய்ததாக ஒருத்தி என் கண் முன்னால் எடுத்துக்கொள்கிறாள், நான் வாஷர் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "அடுத்த வாரம் வரைக்கும் ரப்பரே போட வேண்டாம். கம்பிய முழுசா கழட்டிரலாமா, இல்ல கொஞ்ச மாசம் நிறுத்தி வெச்சுட்டு மெதுவா தொடரலாமான்னு யோசிச்சு வெக்கறேன்." அந்த அடுத்த வாரம் இன்றைக்கு நாலு மணிக்கு வருகிறது.

விக்கி விக்கி, துரு நிறத்தில் ஒரு வாய், பிறகு தண்ணீர். டிரம்மின் அடியில் விழுகிற சத்தம் தகரக்கொட்டகை மழை மாதிரி கேட்டது. பக்கத்துக் குழியில் சுலோச்சனாவின் தலை தெரிந்தது, எதிர் லைனிலிருந்து மூன்று வருஷம் முன்பு இந்தப் பக்கம் குடி வந்தவள், மோட்டார் வைத்து உறிஞ்சுகிறாள் என்று வீதி முழுக்கப் பேச்சு, அவளே அதை மறுப்பதில்லை. "ஏனுங்ண்ணா, தூக்கத்துலயே குழில உளுந்துட்டீங்ளா?" என்றாள். "இன்னும் தூங்கிட்டுத்தான் இருக்கறேன்" என்றேன். "புள்ளைக்கு எப்பத்தான் கம்பி கழட்டறாங்க? எங்க நாத்தனா மகளுக்கு ஒண்ணரை வருசத்துல கழட்டிப்போட்டாங்க. அப்பறம் ராத்திரி மாட்டற பிளேட்ட அது மாட்டல, பல்லெல்லாம் பழையபடி வெளிய எட்டிப் பாக்க வந்துருச்சு. காசும் போச்சு, பல்லும் வந்துச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, வழக்கம்போல மேலுதட்டை இழுத்து மூடிக்கொண்டுதான் சிரித்தேன். ஐம்பத்தொரு வயதில் அந்த உதடு தானாக இறங்கும், நான் இறக்குவதில்லை. எட்டாவது படிக்கும்போது எனக்குத் தேங்காய்த் துருவி என்று பேர். மில்லில் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாரோ கண்டுபிடித்து அதே பேரை வைத்தார்கள், இரண்டு ஊர்களில் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பேரை வைக்கிறார்கள் என்றால் அது பேர் இல்லை, அளவு. இப்போதும் சின்னப் பையன்கள் துருவியண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள், மரியாதையோடுதான், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, சென்னியப்பன் என்று கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க நேரமாகும். கல்யாண போட்டோவில் வாயை இறுக்கி மூடி, யாரோ அடித்துக் கூட்டிவந்த மாதிரி நிற்பேன். மீசையைத் தொங்க விட்டுப் பார்த்தேன். பிறகு மோகனா பிறந்து, ஏழு வயதில் பால் பல் விழுந்து, புதுப் பல் ரெண்டு வந்தபோது, அவை வருகிற திசையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு எதையும் கொடுக்க முடியாதவன் அதைக் கொடுத்திருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும்போது பள்ளி ஐடி கார்டு போட்டோவில் அவளும் வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள், அதே மாதிரி, அடித்துக் கூட்டிவந்த மாதிரி. பதினேழு வயதில் அவளாகவே கேட்டாள். "எனக்கு கிளிப் போட்டு விடுங்ப்பா." வேறெதையும் கேட்டதில்லை.

முதல் டிரம் கால்வாசி. இந்த வேகத்துக்கு ஒரு டிரம் இருபது நிமிஷம். குடங்களை எடுத்து வர எழவேண்டும், எழவில்லை. கையெழுத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எட்டாவதோடு நின்றவன், ஆனால் கடலை மடித்த காகிதத்தையும் விடாமல் படிக்கிறவன், மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்து வரி வரியாகப் படித்துத்தான் நூல் முறுக்குகிற டபுளிங் டிபார்ட்மெண்டில் ஆளானேன், மெயின்டனன்ஸ் என்ஜினியர்கூட ஏதாவது சந்தேகம் என்றால் துருவியண்ணனைக் கேளு என்பார். அந்தக் கிளினிக் காகிதம் தமிழிலேயே இருந்தது. சிகிச்சையினால் வரக்கூடியவை என்று போட்டு, முதல் வரி வெள்ளைத் திட்டு, அடுத்தது ஈறு வீங்கலாம், இறங்கலாம், மூன்றாவது தாடை மூட்டில் வலி, நான்காவது வரி பல்லின் வேர் கரைந்து குட்டையாகலாம், ஐந்தாவது சிகிச்சைக்குப் பிறகு பல் பழைய இடத்துக்குத் திரும்பலாம். படித்தேன். நாலாவது வரியைப் படித்துவிட்டு ஐந்தாவது வரிக்குப் போனேன். படிக்கத் தெரியும் என்று அந்த ரிசப்ஷன் பெண்ணுக்குக் காட்டுகிற மாதிரி நிதானமாக, விரல் வைக்காமல் படித்தேன். ஒரு நிமிஷம் நின்று, அதென்னங்க வேர் கரையறது, எப்பக் கரையும், நாம என்ன பண்ணினாக் கரையும் என்று கேட்டிருக்கலாம். படிக்கத் தெரியாத ஒருவன் கேட்டிருப்பான். அதற்கு அப்புறம் டீ இடைவேளைகளில் போனில் இதையெல்லாம் தேடிப் படித்தேன், பல் எப்படி நகருகிறது என்று. இழுக்கிற பக்கத்தில் எலும்பு கரைந்து வழி விடுகிறது, விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளர்ந்து அடைக்கிறது. எலும்புக்குள் பல் நடக்கிறது. ஒரு மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர். எவ்வளவு மெல்லிய இழுப்பு, ஆனால் விடாத இழுப்பு, கல் மாதிரி இருக்கிற எலும்பே சரி என்று இடம் கொடுக்கிறது. அதைப் படித்தபோது, நானும் அப்படித்தான் நகர்ந்து வந்திருக்கிறேன் என்று தோன்றியது, இருபத்தேழு வருஷம் ராத்திரி இழுத்த பக்கமே போய், பகலும் ஆட்களும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி வழி விட்டு, பின்னால் அடைத்துக்கொண்டு, இப்போது நான் நிற்கிற இடத்துக்கு எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. போனில் படித்ததில் ஒரு வரி வந்தது, இழுப்பு மெதுவாக இருக்கவேண்டும், கூடினால் எலும்போடு வேரும் கரையும். அதைப் படித்தது மார்ச்சில். நான் அவளிடம் சொன்னது பிப்ரவரியில். படித்த ராத்திரி போனை அணைத்துப் பாக்கெட்டில் போட்டேன். அதை மோகனாவிடம் சொல்லவில்லை. தாமதமாகிவிட்டது, இனிச் சொல்லி என்ன, ஒன்றும் ஆகாது, எல்லோருக்குமா ஆகிறது. இதையெல்லாம் ஒரே நேரத்தில் நினைத்தேன், ஒன்று இன்னொன்றுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றது.

பிப்ரவரியில் அவளுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை உறுதியானது, ஜூனில் சேரவேண்டும். டாக்டரம்மா கணக்குப் பார்த்து அக்டோபர் வரைக்கும் ஆகும் என்று சொல்லிவிட்டாள். நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது பின்வாசல் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வாயோரத்தில் புண், கம்பி குத்தினது, கஞ்சி குடித்த டம்ளர் பக்கத்தில். "அங்க போயும் வாய மூடிக்கிட்டுத்தான் இருக்கோணும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். மேல் கோரைப்பல் கொக்கியிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ஒரு குட்டி ரப்பர், விரல் நகத்தைவிடச் சின்னது, ஒவ்வொரு பக்கமும் ஒன்று, சாப்பிடும்போதும் விளக்கும்போதும் கழற்றி, மறுபடி மாட்டவேண்டும், அதுதான் முன்பல்லை உள்ளே இழுக்கிறது என்று அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் அதை வாங்கி விரலில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். "இவ்வளவுதானா? இதுக்குத்தான் எட்டு மாசம் ஆகுது. ரெண்டாப் போடு." "ஒண்ணுதாஞ் சொன்னாங்க." "பொதுவா எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க கண்ணு. ஒத்தை நூலு இழுக்கறதுக்கும் ரெட்டை நூலு இழுக்கறதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? நாலு மாசத்துல முடிஞ்சிரும் பாரு." எனக்கு அந்தக் குரல் ஞாபகம் இருக்கிறது, புது ஆட்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிற குரல். ஒற்றை நூல் ரெண்டைச் சேர்த்து முறுக்கினால் பலம் கூடும், அது என் தொழில், என் சோறு. ஆனால் அதே மெஷினில் நூலின் மேல் இழுவை வைக்கச் சின்ன வட்ட வாஷர்கள் உண்டு, அவசரப்பட்டு எவனாவது ஒரு வாஷர் கூட வைத்தால் கையில் ஒன்று போடுவேன். அன்றைக்கு நூல் அறுந்துகொண்டே இருக்கும், அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். அறாமல் போகிற நூல்தான் மோசம். உள்ளுக்குள் இளைத்துப் போய், பார்க்க நல்ல நூலாகவே நூல்கண்டில் சுற்றிக்கொண்டு, துணியாகி, யாரோ ஒருத்தர் உடுத்தி, எங்கேயோ குனியும்போது கிழியும். இதைப் புது ஆட்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். தெரிந்ததில் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன், ரெட்டை என்பதை. இழுவை என்பதை மில்லிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

"அண்ணா, டிரம்மு முக்கால் வந்துருச்சு, கெனாக் காண்றீங்களா?" என்றாள் சுலோச்சனா. எழுந்தேன், முழங்கால் இரண்டும் சத்தம் போட்டது. குடம் எடுக்க உள்ளே போனேன். சரக் சரக் நின்றிருந்தது. மோகனா பின்னால் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், குளியலறைக் கதவு திறந்திருந்தது, குடங்களை அங்கேதான் கவிழ்த்து வைப்போம். குனிந்து இரண்டு குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன், நிமிரும்போது சோப்பு டப்பா மூடி கண்ணில் பட்டது. மூடிக்குள் ஈரமாக, நீலமாக, குட்டி வளையங்கள். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை. ராத்திரி முழுக்க எத்தனை நூல் ஓடுகிறது எத்தனை அறுந்திருக்கிறது என்று எண்ணுகிற கண், அது தானாக எண்ணிவிடும். நாலு. ஒன்றுமே இருக்கக்கூடாத நாளில் நாலு. குடத்தைக் கீழே வைத்தேன். தலைக்குள் அந்த மூணுல ஒரு பங்குகூட நின்றுவிட்டது, வெளியே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. போன வெள்ளிக்கிழமையோடு அது முடிந்தது, இனி நடந்ததை ஒத்துக்கொள்வதா மறைப்பதா என்பதுதான் மிச்சம் என்று ஒரு வாரமாக என்னைச் சுற்றியே சுற்றிக்கொண்டிருந்தேன். என் கெட்ட பேர், என் முகம், அந்த டாக்டரம்மா என்னை எப்படிப் பார்ப்பாள். அது முடியவில்லை. நான் சொன்ன சொல் இந்த வீட்டுக்குள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது, நான் மெஷினுக்கு முன்னால் நிற்கிற ராத்திரிகளில், இவள் வாய்க்குள்.

"மோகனா." துணியோடு வந்தாள், சோப்பு மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு மூடிக்கொண்டது, என் உதடு இறங்குகிற மாதிரியே. "ராத்திரிக்கு மட்டுந்தாங்ப்பா" என்றாள். "வேண்டாம்னு சொன்னாங்கல்ல?" "வேண்டாம்னாங்க. இன்னிக்குப் போனாக் கழட்டிருவாங்க, எனக்குத் தெரியும். கழட்டறதுக்குள்ள கொஞ்சமாவது உள்ள போகட்டும்னு." "யாரு சொன்னா போகும்னு?" கேட்டிருக்கக்கூடாது. அவள் கோபப்படவில்லை, ஒரு கணக்கை ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள். "நீங்கதானுங்ப்பா சொன்னீங்க. ரெண்டு போட்டா வெரசா நடக்கும்னு. நெசமாவே நடந்துச்சு. பாருங்க, முன்னைக்கு எவ்வளவு உள்ள வந்துருக்குது." காட்டுவதற்காக வாயைத் திறந்தாள். வந்துதான் இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. அந்த நாலு பல்லும் வரிசையில் நின்றன, வெள்ளையாக, ஒரு திட்டு கிடையாது. "ஆடுதா கண்ணு?" "கம்பி இருந்தா எல்லாருக்கும் கொஞ்சம் ஆடும்." "தொட்டுப் பாக்கட்டா?" யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுட்டுவிரலை நடுப்பல்லின் நுனியில் வைத்தேன், ஓடுகிற நூலின் மேல் வைக்கிற மாதிரி, அழுத்தாமல். கண்ணை மூடிக்கொண்டே எந்த நூல் இழுவையில் இருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று இந்த விரல் சொல்லும், இருபத்தேழு வருஷத்தில் தப்பாகச் சொன்னதில்லை. "லேசாக் கடி" என்றேன். கடித்தாள். மெல்லிய ஒரு அசைவு விரலுக்குள் வந்தது. அது எல்லாருக்கும் இருக்கிற ஆட்டமா, மூணுல ஒரு பங்கு இல்லாததால் வருகிற ஆட்டமா. விரலுக்குத் தெரியவில்லை. விரலுக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது என்று இந்த வயதில் தெரிந்தது. அவள் மூச்சு என் கைமேல் சுடச்சுட வந்துகொண்டிருந்தது, பேஸ்ட் வாசனையோடு.

"நாஞ் சொல்லிர்றேன்" என்றேன், விரலை எடுத்துவிட்டு. "என்னன்னு?" "ரெண்டு போடச் சொன்னது நான்னு." "வேண்டாமுங்ப்பா. சொன்னா, பேச்சுக் கேக்காத புள்ளைக்கு நான் எதுக்குப் பாக்கோணும்னு பாதில விட்டுருவாங்க. இந்தச் சந்தோட நான் ஓசூர் போகோணும்." கோரைப்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் இன்னும் மூடாத அந்தச் சந்து, ஒரு அரிசி நுழையும். "சந்து இருந்தா இருக்கட்டும். பல்லு இருக்கோணும்." "உங்களுக்கென்ன, நீங்க மீசை வெச்சுக்கிட்டீங்க." அது வந்து விழுந்தது. சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொன்னது உண்மை. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த கிளினிக் அட்டையை எடுத்து நம்பரைப் போட்டேன். போன் எடுத்த பெண் டாக்டர் பேஷண்ட் பார்க்கிறாங்க என்றாள், இருக்கட்டும் ஒரு நிமிஷம் என்றேன், மோகனாவோட அப்பா, ரப்பர் விஷயம் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பல் ராவுகிற மெஷின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு டாக்டரம்மா. "சொல்லுங்க." "அவ ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ரப்பர் போட்டிருந்தாளுங்க. நான்தான் போடச் சொன்னேன். சீக்கிரம் முடியும்னு." அந்தப் பக்கம் மெஷின் நின்றது. "எப்ப இருந்துங்க?" "பிப்ரவரி." "இப்பவுமா?" "நேத்து ராத்திரி வரைக்கும். இப்பக் கழட்டி இருக்குது, எங்கிட்டத்தான் இருக்குது." அவள் பெருமூச்சு விட்டது கேட்டது, திட்டுவாள் என்று போனைக் காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க" என்றாள், அவ்வளவுதான். "உடம்பு வாகுன்னு நெனச்சு, இன்னிக்கு எல்லாத்தையும் கழட்டிரலாம்னுதான் எழுதி வெச்சிருக்கேன்." "இப்பங்க?" "இப்பத் தெரியாது. அதிக இழுப்புனாலன்னா, இழுப்ப நிறுத்தினா கரையறதும் நிக்கும். போனது வராது, இருக்கறத வெச்சுக்கலாம். சில மாசம் சும்மா விட்டுட்டு மறுபடி படம் எடுக்கணும். அப்பறந்தான் எதுவும். பாத்துட்டுச் சொல்றேன். நாலு மணிக்கு வேண்டாம், ரெண்டு மணிக்கே வாங்க." பிறகு, வைப்பதற்கு முன்னால், "நீங்களும் வாங்க" என்றாள்.

மோகனா கதவு நிலையில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் விடமாட்டார்கள் என்று சொல்லலாம் என்று நினைத்தேன், அப்படி டாக்டரம்மா சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. "ரெண்டு மணிக்கு வரச் சொல்றாங்க" என்றேன். அவள் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்த மாதிரி தெரிந்தது, தூக்கமில்லாத கண்ணுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும். சோப்பு மூடியை எடுத்து என் உள்ளங்கையில் கவிழ்த்தாள், நாலும் ஒட்டிக்கொண்டு விழுந்தன, எடையே இல்லை, கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "ரப்பர் பாக்கெட்டுல மிச்சம் இருக்குதுங்ப்பா, அலமாரில" என்றாள். "எடுத்துட்டுப் போலாம்" என்றேன். வெளியே சுலோச்சனா குரல், "ஏனுங்ண்ணா, வீதிக்கே தண்ணி பாய்ச்சறீங்ளா?" "டிரம்மு வழியுதுங்ப்பா" என்றாள் மோகனா, என்னைத் தாண்டி ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டாள். குழியோரம் சேறாகியிருந்தது. நிரம்பி வழிகிற டிரம்மிலிருந்து ஓஸை உருவி, கட்டைவிரலால் வாயை அடைத்து, அடுத்த டிரம்முக்குள் போட்டு விரலை எடுத்தேன்.